லாபம் இருக்கிறது, பணம் எங்கே?

சொந்தத் தொழில் நடத்தியவர்களும் ஒரே துறையில் நீண்ட நாள் உழைத்தவர்களும் தாமதமாகக் கற்றுக்கொண்ட பாடங்கள் என்ன, தொடங்கும்போதே தெரிந்திருந்தால் எதை மாற்றிச் செய்திருப்பார்கள் என்பது கேள்வி.

நான் தொழில் தொடங்கிப் பெரிய ஆளானவன் இல்லை. தொழில் நடத்துகிறவர்களின் கணக்கைப் பார்க்கிறவன். இருபது வருடத்துக்கு மேலாக இதே வேலை. இதில் ஒரு வசதி இருக்கிறது. ஜெயித்தவர்கள் சொல்லும் கதை எல்லோருக்கும் கிடைக்கும். மூடிவிட்டுப் போனவர்களின் பேரேடு எங்களைப் போன்றவர்களிடம்தான் இருக்கும். என் அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க அந்த மாதிரிக் கோப்புகள்தான். அவற்றில் சோம்பேறி நடத்திய தொழில் என்று ஒன்றைக்கூட என்னால் எடுத்துக்காட்ட முடியாது. பெரும்பாலானவர்கள் தங்கள் வேலையில் கெட்டிக்காரர்கள். அவர்கள் விழுந்தது, வேலை செய்த நாளுக்கும் அதன் பலன் கைக்கு வரும் நாளுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில்.

ஒருவர் இயந்திர உதிரி பாகங்கள் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். ஆண்டுக் கணக்கை முடித்து, "நல்ல லாபம், போன வருஷத்தைவிடக் கூடுதல்" என்று தாளை நீட்டினேன். அவர் அதை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். லாபம் என்று எழுதியிருந்த வரியில் விரலை வைத்து, "இந்தப் பணம் எங்க சார் இருக்கு?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அந்த மாதச் சம்பளத்துக்கு மைத்துனரிடம் கைமாற்று வாங்கியிருந்தார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

அன்றைக்கு அவருக்கு ஒரு தாளில் போட்டுக் காட்டிய கணக்கை இங்கேயும் போடுகிறேன். மாதம் 100 செலவழித்துச் செய்த பொருளை 125க்கு விற்கிறீர்கள். செலவு அந்தந்த மாதமே கையை விட்டுப் போய்விடும். வாடிக்கையாளர் இரண்டு மாதம் கழித்துத்தான் பணம் தருவார். முதல் மாத முடிவில் கையிருப்பு 100 பள்ளம். இரண்டாம் மாதம் 200. மூன்றாம் மாதம் முதல் பில்லுக்கான 125 வருகிறது, பள்ளம் 175 ஆகிறது. சரி, மூச்சு விடலாம் என்று நினைக்கும்போது பெரிய ஆர்டர் வருகிறது. நான்காம் மாதத்திலிருந்து வேலை இரட்டிப்பு: செலவு 200, விற்பனை 250. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் நான்காம் மாதம் உள்ளே வருவது பழைய 125தான். பள்ளம் 250. ஐந்தாம் மாதமும் அதே கதை, பள்ளம் 325. இந்த ஐந்து மாதத்தில் புத்தகத்தில் லாபம் எவ்வளவு தெரியுமா? 175. ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லாத தொழில் இது. வாடிக்கையாளர் யாரும் ஏமாற்றவில்லை, எல்லோரும் சொன்ன தேதியில் கொடுத்துவிட்டார்கள். அப்படியிருந்தும் 325 பள்ளம். இதில் ஒருவர் மட்டும் ஒரு மாதம் தள்ளிப்போட்டால் போதும், ஆறாம் மாதச் சம்பளம் நின்றுபோகும்.

அதனால்தான் புது ஆர்டர் வந்ததும் இனிப்போடு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு முதலில் கவலை வரும். வளர்ச்சி பணத்தைத் தின்னும். வளராமல் நின்ற தொழில் மெதுவாகத்தான் சாகும். கையிருப்பு இல்லாமல் வேகமாக வளர்ந்தது ஒரே காலாண்டில் போய்விடும்.

இதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் தேவையில்லை, சின்னச் சின்னப் பழக்கங்கள் போதும். வேலை முடிந்த அன்றே பில் போடுவது. (மாதக் கடைசியில் மொத்தமாகப் போடுகிறேன் என்பவர், அந்த மாதம் முழுக்க வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.) முன்பணம் கேட்பது. பெரிய வேலையை மூன்று கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு பில் என்று முன்பே பேசிவிடுவது. அப்புறம், வசூலுக்கு முதலாளியிடம் பேசுவதைவிட, அந்த நிறுவனத்தில் பில்லைப் பாஸ் பண்ணும் கணக்குப் பிரிவு ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. நான் பார்த்தவரை தாமதங்களில் பாதிக்குக் காரணம் கெட்ட எண்ணமே இல்லை. பில்லில் ஆர்டர் எண் விட்டுப்போயிருக்கும். அதற்காக அதை ஒரு தட்டில் தனியாக எடுத்து வைத்திருப்பார்கள், யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். நாற்பது நாள் கழித்து நீங்களாகக் கேட்டால்தான் தெரியும்.

இந்த இடைவெளியைத் தலைகீழாகத் திருப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிள் நிறுவனத்தின் தொடக்கமே சாட்சி. 1976இல் பைட் ஷாப் என்ற கணினிக் கடை 50 கணினிகள் கேட்டது, ஒன்றுக்கு 500 டாலர், கொண்டுவந்து கொடுத்ததும் ரொக்கம் என்று பேச்சு. ஸ்டீவ் ஜாப்ஸ் அந்த ஆர்டரைக் காட்டியே உதிரி பாகங்களை 30 நாள் கடனில் வாங்கினார். அந்த 30 நாளுக்குள் செய்து கொடுத்துப் பணத்தை வாங்கி, பாகங்களுக்கான கடனை அடைத்துவிட்டார்கள். அதாவது, முதல் பெரிய வேலைக்கு முதலீடு போட்டது பாகம் விற்றவர்கள். ஜாப்ஸின் அழகுணர்ச்சியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கணக்குப் பார்க்கிறவனுக்கு இந்த 30 நாள்தான் கண்ணில் படுகிறது.

அதே கதையில் இன்னொரு ஆள் இருக்கிறார், ரொனால்ட் வெய்ன். ஆப்பிளின் மூன்றாவது நிறுவனர், பங்கு 10 சதவீதம். ஒப்பந்தம் கையெழுத்தான 12ஆம் நாள் 800 டாலர் வாங்கிக்கொண்டு விலகிவிட்டார். இன்றைக்கு அந்தப் பங்கின் மதிப்பைச் சொல்லி அவரைப் பார்த்துச் சிரிப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. நான் அந்தச் சிரிப்பில் சேரமாட்டேன். அவர்கள் போட்டது சாதாரணக் கூட்டு ஒப்பந்தம். அதில் தொழிலின் கடன் ஒவ்வொரு பங்குதாரரின் சொந்தக் கடனாகவும் ஆகும். மற்ற இருவரும், ஜாப்ஸும் ஸ்டீவ் வாஸ்னியாக்கும், இளைஞர்கள், பறிபோக அவர்களிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. கடன்காரன் வந்தால் கைவைக்கச் சொத்து இருந்தது வெய்னிடம்தான். முன்பு அவர் நடத்திய தொழில் ஒன்று படுத்து, அந்தக் கடனை அடைத்து மீண்ட அனுபவமும் அவருக்கு இருந்தது. ஆர்டர் கொடுத்த கடை பில்லை இழுத்தடிக்கும் என்றும் கேள்விப்பட்டிருந்தார். அன்றைக்குத் தெரிந்த விவரத்தை வைத்துப் பார்த்தால் அது பைத்தியக்கார முடிவு இல்லை. முடிவையும் அதன் விளைவையும் பிரித்துப் பார்க்கப் பழகாதவர்கள் இரண்டு விதமாகக் கெட்டுப்போகிறார்கள். சரியாக யோசித்துத் தோற்றவர் அந்த யோசிக்கும் முறையையே கைவிட்டுவிடுகிறார். அசட்டுத் துணிச்சலில் தப்பித்தவர் அடுத்த முறை வீட்டையும் சேர்த்துப் பணயம் வைக்கிறார். இரண்டாவது ரகம்தான் என் கீழ்த்தட்டில் அதிகம்.

கூட்டுத் தொழில் என்று பேச்சு வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பங்குதாரர்கள் பிரிவது பணமில்லாததால் என்று வெளியே சொல்வார்கள். நான் பார்த்தது வேறு. பணமில்லாத முதல் இரண்டு வருடம் அண்ணன் தம்பி மாதிரி இருப்பார்கள். மூன்றாம் வருடம் பணம் வர ஆரம்பிக்கும். அப்போதுதான் ஒருவர், "காலையில ஏழு மணிக்கு வந்து திறக்கிறது நான், பங்கு மட்டும் பாதிப் பாதியா?" என்பார். மற்றவர், "முதல் ஆர்டர் யார் கொண்டுவந்தது?" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். இதை எழுதிவைக்கவேண்டிய நாள் முதல் நாள், ஒருவரையொருவர் நன்றாகப் பிடித்திருக்கும்போதே. யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். ஒருவர் விலகினால் பங்கை எப்படி மதிப்பிடுவது, ஒருவர் பாதி நேரம்தான் வரமுடியும் என்ற நிலை வந்தால் என்ன, இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றால் யார் சொல் நிற்கும் என்பதை யாரும் எழுதுவதில்லை. "இப்பவே அதைப் பேசினா சந்தேகப்படற மாதிரி இருக்கும் சார்" என்பார்கள். இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

நல்லபடியாகப் போன கூட்டுக்கும் உதாரணம் உண்டு. ஹோண்டா நிறுவனத்தில் சொய்சிரோ ஹோண்டா இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டார். 1949இல் வந்து சேர்ந்த தக்கேயோ ஃபுஜிசாவா விற்பனையையும் பணத்தையும் பார்த்துக்கொண்டார். ஒருவர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைக்கவில்லை. 1973இல் இருவரும் ஒன்றாகவே பொறுப்பிலிருந்து விலகினார்கள். வேலைப் பிரிவினை அவ்வளவு தெளிவாக இருந்தால், யார் அதிகம் உழைத்தார்கள் என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகிறது.

அடுத்தது விலை பேசுவது. இதில் அடுத்தவரைச் சொல்வதற்கு முன் என் கதையைச் சொல்வதுதான் நியாயம். தனியாக அலுவலகம் போட்ட புதிதில் ஒரு நிறுவனம் வந்தது. மூன்று வருடக் கணக்கு எழுதாமல் கிடக்கிறது, முடித்துத் தரவேண்டும், மொத்தமாக ஒரு தொகை சொல்லுங்கள் என்றார்கள். மேஜை மேல் மூன்று அட்டைப்பெட்டி. மேலோட்டமாகப் பார்த்து ஒரு தொகை சொன்னேன், கைகுலுக்கிக்கொண்டோம். அடுத்த வாரம் நான்காவது பெட்டி வந்தது. அப்புறம் கிளைக் கணக்கு என்று இரண்டு. வேலை முடியும்போது பதினொரு பெட்டி. ஐந்தாவது பெட்டியிலேயே நான் வாய் திறந்திருக்கவேண்டும். முதல் வாடிக்கையாளர் மனம் கோணக்கூடாது என்று இருந்துவிட்டேன். கடைசியில் கேட்டபோது, "மொத்தமா ஒரு தொகைன்னுதானே பேசினோம்?" என்றார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. மொத்தம் என்பதற்கு அவர்கள் அர்த்தம் வேறு, என் அர்த்தம் வேறு. என் அர்த்தத்தை நான் எங்கேயும் எழுதவில்லை.

அன்றிலிருந்து என்ன செய்து தருவேன் என்பதோடு, எது இதில் சேராது என்பதையும் எழுதுகிறேன். சேராதவற்றின் பட்டியல்தான் நட்பைக் காப்பாற்றுகிறது. தொலைபேசியில் பேசி முடித்ததும், "இப்போது பேசியதன் சுருக்கம்" என்று நாலு வரி மின்னஞ்சல் போடுகிறேன். அதற்குப் பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, தேதியோடு அங்கே இருக்கும்.

மதிப்பீடு தப்புவது அனுபவமில்லாதவர்களின் குறை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சிட்னி ஓபரா ஹவுஸ் என்ற கலையரங்கம் 1957 மதிப்பீட்டின்படி 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில், 1963க்குள் முடிந்திருக்கவேண்டும். முடிந்தது 1973இல். ஆன செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர். வடிவமைப்பு முழுதாக முடிவாவதற்கு முன்பே கட்டத் தொடங்கியது ஒரு முக்கியமான காரணம். நாம் எல்லாம் நன்றாக நடந்தால் எவ்வளவு நாளாகும் என்று பார்த்துத்தான் நாள் சொல்கிறோம். போன தடவை இதே மாதிரி வேலை உண்மையில் எத்தனை நாள் பிடித்தது என்று பழைய நோட்டைப் புரட்டுகிறவர் அபூர்வம். நோட்டே வைத்திருப்பதில்லை என்பது வேறு விஷயம்.

நாள் தப்பியதும் எல்லோருக்கும் தோன்றும் தீர்வு இன்னும் ஆள் போடுவது. மென்பொருள் துறையில் ஃப்ரெட் புரூக்ஸ் 1975லேயே சொன்னது: தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். கணக்கு எளிது. ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவரோடொருவர் பேசவேண்டிய ஜோடிகள் 10. பத்துப் பேரானால் 20 இல்லை, 45. போதாததற்கு, புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்க உட்காருவது ஏற்கெனவே வேலை தெரிந்த ஆள். சின்னத் தொழில்களிலும் இதே நிலைதான். சம்பளம் முதல் மாதமே தொடங்கிவிடும், அந்த ஆளால் வரும் பயனோ ஐந்தாறு மாதம் கழித்துத்தான். மறுபடியும் அதே பள்ளம்.

சரி, சொந்தத் தொழில் இல்லாமல் ஒரு துறையில் வேலை பார்க்கிறவர்களுக்கு வருகிறேன். இவர்களிடம் நான் பார்க்கும் ஆபத்து, அனுபவம் வந்ததும் வரும் அலட்சியம். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் ரைட் ஃபீல்டு விமானதளத்தில் போயிங்கின் புதிய குண்டுவீச்சு விமானத்தைச் சோதித்தார்கள். ஓட்டியவர் இராணுவத்தின் தேர்ந்த சோதனை விமானி. விமானம் கிளம்பி மேலே ஏறியதும் நிலைகுலைந்து விழுந்து எரிந்தது, விமானி உட்பட இரண்டு பேர் இறந்தார்கள். இயந்திரத்தில் பழுது எதுவும் இல்லை. தரையில் நிற்கும்போது காற்றில் அசையாமலிருக்க வால் பகுதிக்குப் போடும் பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு இராணுவ விமானிகள் செய்தது நீண்ட பயிற்சித் திட்டம் இல்லை. கிளம்பும் முன் பார்க்கவேண்டியவற்றை ஒரு அட்டையில் எழுதிக்கொண்டார்கள். அதே விமானம் பி-17 என்ற பெயரில் பிறகு ஆயிரக்கணக்கில் தயாரானது.

இளைஞர்களிடம் இந்த அட்டையைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். பதினைந்து வருட அனுபவக்காரர், "எனக்கா?" என்பார். நானும் அப்படிச் சொன்னவன்தான். ஒருமுறை எல்லாக் கணக்கையும் மூன்று தடவை சரிபார்த்துவிட்டு, முந்தைய வருடத் தேதியோடு கோப்பை அனுப்பிவைத்தேன். இப்போது என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒன்பது வரித் தாள் இருக்கிறது. முதல் வரியே "தேதி".

வேலையில் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டொன்று, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்த வேலையைத் தேதி போட்டுக் குறித்துவையுங்கள். வருடக் கடைசியில் மேலதிகாரிக்குக் கடைசி இரண்டு மாதம்தான் ஞாபகமிருக்கும், உங்களுக்கும் அப்படித்தான். அப்புறம், நீங்கள் இல்லாமல் அந்த இடம் ஓடாது என்ற பெருமை வேண்டாம். உங்களை அங்கிருந்து எடுக்கமுடியாது என்றால் மேலேயும் ஏற்றமுடியாது. நண்பர் ஒருவர் பதினோரு வருடம் ஒரே நாற்காலியில் இருந்தார். அவர் செய்யும் வேலை அவருக்கு மட்டும்தான் தெரியும். அதைப் பாதுகாப்பு என்று நம்பினார். அந்த மென்பொருளையே நிறுவனம் மாற்றியபோது அவரைக் கூப்பிட்டு நன்றி சொல்லி அனுப்பினார்கள்.

ஒன்றைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நாள் நிற்பது, எப்போது விடுவது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் கடினமாகப் படும் கேள்வி. இன்டெல் நிறுவனம் 1968இல் தொடங்கியதே நினைவகச் சிப்புகள் செய்வதற்காக. எண்பதுகளில் ஜப்பானிய நிறுவனங்கள் அதையே தரமாகவும் மலிவாகவும் செய்ய ஆரம்பித்தன. நஷ்டம் ஏறியது. 1985இல் ஒருநாள் இன்டெல்லின் தலைவர் ஆண்டி குரோவ், தலைமைச் செயல் அதிகாரி கார்டன் மூரிடம் கேட்டார்: நம்மை வெளியே அனுப்பிவிட்டுப் புதிதாக ஒருவரை உட்காரவைத்தால் அவர் என்ன செய்வார்? நினைவகச் சிப்பிலிருந்து வெளியேறுவார் என்றார் மூர். அப்படியானால் நாமே வெளியே போய்விட்டு உள்ளே வந்து அதைச் செய்தால் என்ன என்றார் குரோவ். செய்தார்கள், கணினியின் மூளை போன்ற நுண்செயலிகள் பக்கம் முழுதாகத் திரும்பினார்கள். இதில் எனக்குப் பிடித்தது, விடை அந்த இருவருக்கும் முன்பே தெரிந்திருந்தது என்பதுதான். போட்ட உழைப்பும் அந்தத் தொழிலோடு ஒட்டியிருந்த பெயரும் அதைச் சொல்லவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தன. இந்தக் கேள்வியை நானும் சிலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "இந்தக் கடையை இன்றைக்கு ஒருவர் உங்களிடம் விற்க வந்தால் வாங்குவீர்களா?" பலர் பதிலே சொல்வதில்லை. ஒருவர் மட்டும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "மாட்டேன்" என்றார். ஆறு மாதத்தில் கடனில்லாமல் மூடினார். அந்தக் கோப்பு என் கீழ்த்தட்டில் இல்லை. மேலே தனியாக வைத்திருக்கிறேன்.

பட்டறைக்காரர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துக்கொண்டுபோனார். அடுத்த மாதத்திலிருந்து புது ஆர்டருக்குப் பாதி முன்பணம் கேட்டார். இரண்டு வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள், அதில் ஒருவர் பெரிய ஆள். பதினைந்து நாள் தூங்கவில்லை என்றார். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். அந்த வருடக் கணக்கை முடித்துப் பார்த்தால், லாபம் முந்தைய வருடத்தைவிடக் கொஞ்சம் குறைவு. கொஞ்சம் தயக்கத்தோடுதான் தாளை நீட்டினேன். விரலை வைத்து அந்த வரியைப் பார்த்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பணம் எங்கே என்று கேட்கவில்லை.